'காசால்' என்ற குதிரையின் மகளுக்கு எந்தப் பொலிக்குதிரை? தடைதாண்டும் குட்டி வேண்டும்

லாயத்துத் தம்பி:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் ஜெர்மனியில் எல்ம்ஸ்ஹோர்ன் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறேன். பண்ணைப் பெரியவர் தொழிலைச் சுருக்குகிறார். தன்னிடம் இருந்த ஒரு ஹோல்ஸ்டைனர் இனப் பெண்குதிரையை என்னால் முடிந்த விலைக்கு எனக்கே தந்துவிட்டார். அவளிடம் ஒரு குட்டி எடுக்க ஆசை.

அவளுக்கு 11 வயது. இதுவரை ஈன்றதில்லை. உயரம் 1.66 மீட்டர். தகப்பன் காசால், தாயின் தகப்பன் கன்டெண்டர். 1.35 மீட்டர் வகுப்பு வரை போட்டியில் தாண்டியவள். பிறகு முன்காலில் தசைநார் காயம். ஆறிவிட்டது, ஆனால் இனிப் போட்டி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

குணம் சொல்கிறேன். கம்பத்தில் குளம்பு பட்டால் அவளுக்கே பொறுக்காது. முன்கால் இரண்டையும் முழங்காலுக்கு மேல் ஒரே அளவில் மடக்குவாள். ஆனால் அகலமான ஆக்ஸர் (முன்னும் பின்னுமாக இரட்டைக் கம்பத் தடை) வந்தால் பின்பக்கம் திறக்காது; இரண்டாவது கம்பத்தில்தான் பின்கால் படும். 1.40-க்கு மேல் அவளுக்குக் கஷ்டம் என்று ஓட்டிய பிள்ளையே சொன்னாள். மனம் கொஞ்சம் சூடு. மைதானத்தில் ஒலிபெருக்கி சத்தம் கேட்டால் நடை மாறிவிடும்.

என் பட்டியலில் கார்னெட் ஒபோலென்ஸ்கி, சாக்கோ ப்ளூ, டியமாண்ட் டி செமில்லி என்ற மூன்று பொலிக்குதிரைகள் இருக்கின்றன. உறைவிந்து எங்கே வாங்கலாம் என்றும் விசாரித்துவிட்டேன். எதை எடுக்க? பெரியவரிடம் கேட்டால் "உன் குதிரை, உன் முடிவு" என்று சிரிக்கிறார்.

நொர்மண்டி ரவி:

தம்பி, மூன்றும் பெரிய பெயர்கள். பெயரைத் தள்ளிவைத்து, உங்கள் பெண்ணின் வம்சத்தைக் கையில் எடுங்கள்.

காசாலின் தகப்பன் கரெட்டினோ. கரெட்டினோவின் தகப்பன் கலெட்டோ II. அவன் கோர் டி லா ப்ரியேரின் மகன். மறுபக்கம் கன்டெண்டர், கலிப்ஸோ II-இன் மகன். கலிப்ஸோவும் கோர் டி லா ப்ரியேரின் மகன். ஆக, உங்கள் பெண் இரண்டு பக்கமும் அந்த ஒரே பிரெஞ்சுக் குதிரையிடம் போய் நிற்கிறாள். 1971-இல் எங்கள் நாட்டிலிருந்து ஹோல்ஸ்டைனுக்குப் போன குதிரை அது. உங்கள் ஊர் இனத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது. முன்கால் மடக்கும் அழகும் முதுகை வளைக்கும் விதமும் அங்கிருந்து வந்தவை என்றுதான் உங்கள் ஊர்ப் பழைய ஆட்களும் சொல்வார்கள்.

இப்போது கார்னெட். அவன் தகப்பன் கிளின்டன், கிளின்டனின் தகப்பன் கொராடோ I, கொராடோ மறுபடியும் கோர் டி லா ப்ரியேரின் மகன். குட்டிக்கு அந்த ரத்தம் மூன்று வழியாக வரும். நான்காம் ஐந்தாம் தலைமுறையில்தான் என்பதால் உள்ளினக் கணக்கு (உறவுக்குள் சேர்வதன் அளவு) ஒரு சதவீதம்கூட வராது. எனக்கு அந்த எண் கவலையில்லை. கார்னெட்டின் பிள்ளைகளில் பலர் சூடான ஆட்கள்; நல்ல சவாரிக்காரர் கையில் அது வரம். உங்கள் பெண்ணும் சூடு. இரண்டையும் சேர்த்து வரும் குட்டியின் மேல் யார் ஏறப்போகிறார்கள்?

சாக்கோ ப்ளூவில் வேறு சிக்கல். அவன் தாயின் தகப்பனும் கன்டெண்டர்தான்! குட்டியின் வம்சத்தில் இரண்டு பக்கமும் மூன்றாம் தலைமுறையில் ஒரே குதிரை நிற்கும். உள்ளினக் கணக்கு 3.1 சதவீதம். சட்டப்படி குற்றமில்லை. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் பெண்ணிடம் இல்லாததைத் தேடிப்போகும்போது, ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு பங்கு வாங்குவானேன்?

டியமாண்ட் பக்கம் கோர் டி லா ப்ரியேர் கிட்டத்தில் எங்கும் இல்லை. லெ டோ டி செமில்லியின் மகன். சுத்த நொர்மன் ரத்தம். 2002-இல் ஹெரெஸ் உலகப் போட்டியில் பிரான்சின் தங்க அணியில் இருந்தவன். பலம், அகலம், தூரம். அவன் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பின்பக்கத்தில் இருந்து வரும் தள்ளல். உங்களுக்கு வேண்டியது அதுதானே?

நான் நொர்மண்டிக்காரன். கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். கழித்துக்கொள்ளுங்கள்.

கிண்டி மேடை:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் தாண்டுவதெல்லாம் பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரப்ரெட்கள்தான். அதனால் ஒரு அடிப்படைக் கேள்வி, யாரும் சிரிக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் ஜெயித்த குதிரையையே தகப்பனாகப் போட்டால் என்ன? சுற்றி வளைத்து எதற்கு வம்சம் பார்க்க வேண்டும்?

அப்புறம், தரப்ரெட் போட்டால் என்ன? இந்த வார்ம்பிளட் (ஐரோப்பிய சவாரிக்குதிரை இனங்கள்) எல்லாவற்றுக்கும் மூலத்தில் தரப்ரெட் இருக்கிறதே.

லிம்பர்க் வாசி:

சிரிக்கவில்லை பாஸ், நல்ல கேள்வி. 2004 முதல் 2024 வரை ஆறு ஒலிம்பிக் தனிநபர் தங்கங்களை எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸில் பாலூபே டு ரூவே, பெய்ஜிங்கில் ஹிக்ஸ்டெட், லண்டனில் நினோ டி புய்சோனே, ரியோவில் பிக் ஸ்டார், டோக்கியோவில் எக்ஸ்ப்ளோஷன், பாரிஸில் செக்கர். இதில் நினோ, எக்ஸ்ப்ளோஷன், செக்கர் மூன்றும் காயடித்தவை. தகப்பனாக முடியாது; அவற்றின் தகப்பன்களைத்தான் தேட வேண்டும். கன்னான், சாக்கோ ப்ளூ, கோம் இல் ஃபோ.

மீதி மூன்றில் ஹிக்ஸ்டெட் 2011-இல் வெரோனா மைதானத்திலேயே பெருநாடி கிழிந்து இறந்தான். அவன் பிள்ளைகளில் அவன் அளவுக்கு வந்ததாக ஒன்றையும் சொல்ல முடியவில்லை. பாலூபே மட்டும் சவாரியிலும் பொலியிலும் உச்சம். ஆனால் அவனையே பாருங்கள். 1998, 1999, 2000 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகக் கோப்பை. அதே 2000-இல் சிட்னி இறுதிச் சுற்றில் தடைக்கு முன்னால் மறுத்து நின்று வெளியேறினான். ஏதென்ஸில் முதலில் வெள்ளி; ஜெயித்த குதிரையின் மருந்துச் சோதனை தவறியதால் பிறகு தங்கமாயிற்று. வரலாற்றிலேயே பெரிய தகப்பன்களில் ஒருவன். அவனுக்கும் தனக்கென்று ஒரு மனம் இருந்தது.

ரவி சொன்ன கோர் டி லா ப்ரியேர் உலக மேடைப் போட்டி எதிலும் நின்றதில்லை. ஆனால் ஹோல்ஸ்டைனில் அவனைத் தொடாமல் இன்று ஒரு வம்சம் எழுதுவது கஷ்டம்.

தரப்ரெட் விஷயம்: ஹோல்ஸ்டைனில் லேடிகில்லர், நொர்மண்டியில் ஃபுரியோஸோ, இவை இல்லாமல் இன்றைய இனமே இல்லை. லேடிகில்லர் தந்தவை லாண்ட்கிராஃப் I, லார்ட். ஃபுரியோஸோவின் மகன் லூட்டர் B 1964 டோக்கியோவில் தங்கம் வென்றது. ஆனால் அது அந்தக் காலத்துத் தரப்ரெட். நெடுந்தூரம் ஓடிய, எலும்பு தடித்த குதிரைகள். இன்று மைல் ஓட்டத்துக்கென்று தேர்ந்தெடுக்கும் தரப்ரெட்டில் தாண்டும் குதிரையைத் தேடி எடுப்பது தனித் திறமை. அதுவும் தம்பியின் பெண் ஏற்கெனவே சூடு. அவளுக்குத் தரப்ரெட் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. கனத்த, மந்தமான பெண்ணாக இருந்தால் நீங்கள் சொல்வதை நானும் யோசிப்பேன்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் ரத்தம் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காசு பற்றிப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

தம்பி, குட்டியை ஆறு மாதத்தில் விற்பீர்களா, நான்கு வயதுவரை வைத்திருப்பீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பொலிக்குதிரை தேடாதீர்கள். இரண்டுக்கும் பதில் வேறு.

குட்டி ஏலத்தில் வாங்குபவன் பார்ப்பது தகப்பன் பெயரை. நேற்றுப் பொலித் தேர்வில் முதலிடம் வந்த இளம் பொலிக்குதிரை, அல்லது இப்போது பெரிய சுற்றில் தொலைக்காட்சியில் தெரிகிறவன், இவற்றின் குட்டிகள் அன்றைக்கு நல்ல விலை போகும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை என்றால் அது வாங்கியவன் பாடு.

வைத்து வளர்த்து, சேணத்தின் கீழ் விற்பதென்றால் கதை தலைகீழ். வாங்க வருபவன் ஏறிப் பார்ப்பான். அவனுக்கு வாய் மெத்தென்று இருக்க வேண்டும், கேன்டர் (மெல்லோட்டம்) வட்டமாக இருக்க வேண்டும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்க வேண்டும். தகப்பன் யார் என்பது அதற்கப்புறம்தான். அங்கே அலுப்பூட்டும், நம்பகமான பழைய பொலிக்குதிரைதான் ஜெயிக்கும்.

இன்னொன்று. பொலிக்கூலி பெரிதாகத் தெரியும். ஆனால் குட்டியை நான்கு வயதுவரை வளர்க்கும் செலவில் அது ஒரு சின்னப் பங்குதான். மேய்ச்சல், லாடம், பல், குடற்புழு மருந்து, சேணம் பழக்குபவரின் கூலி, எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மலிவான பொலி எடுத்து மிச்சம் பிடிக்க நினைப்பது கணக்கே இல்லை. அதேபோல், ஏதாவது ஒரு குட்டி வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ஏலத்துக்குப் போகாத நல்ல குட்டியை அக்டோபரில் பண்ணையில் நேரில் பார்த்து வாங்கலாம். கால் நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். இதைச் சொன்னால் இந்தக் குழுவில் எல்லாருக்கும் கோபம் வரும் என்று தெரியும்.

டாக்டர் வேணி:

கோபமில்லை, நியாயமான பேச்சு. ஆனால் தம்பிக்குத் தன் குதிரையின் குட்டிதானே வேண்டும்.

நான் நெதர்லாந்தில் குதிரை இனப்பெருக்கம் பார்க்கிறேன். எங்கள் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பழகிய கை. குதிரைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, மாட்டில் பலிக்கும் சுலபம் இங்கே இல்லை என்று. யாரும் இதுவரை தொடாத பகுதிக்கு வருகிறேன்.

11 வயது, முதல் ஈற்று. கருப்பை வாய் இறுக்கமாக இருக்கும், விந்து போட்ட பிறகு தேங்கும் நீரை வெளியே தள்ளச் சிரமப்படும். உறைவிந்து அந்த எரிச்சலைக் கூட்டும். சாக்கோ ப்ளூ 2012-இல் இறந்தது, டியமாண்ட் 2022-இல். இரண்டுக்கும் உறைவிந்து தவிர வழியில்லை. முடியாது என்று சொல்லவில்லை. முதலில் கருப்பையில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் மாதிரி) எடுத்து வளர்ப்புச் சோதனை, செல் சோதனை இரண்டும் செய்யுங்கள். சுத்தம் என்று வந்த பிறகுதான் விந்துக்குப் பணம் கட்டுங்கள்.

உறைவிந்து என்றால் நேரம்தான் எல்லாம். கருமுட்டை வெளிப்படுவதற்கு முன் 12 மணி நேரத்துக்குள்ளோ, வெளிப்பட்ட பின் 6 மணி நேரத்துக்குள்ளோ விந்து உள்ளே இருக்க வேண்டும். ஊசி போட்டுத் தூண்டிவிட்டு இரவிலும் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் உங்களுக்கு வேண்டும். உறைவிந்து அடைத்த குச்சியை நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்து 37 டிகிரி நீரில் 30 நொடி. துடைத்து, நுனியை வெட்டி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். அந்தச் சொட்டில் முன்னோக்கிப் போகும் அணுக்கள் 35 சதவீதத்துக்குக் குறைந்தால் எனக்கு முகம் சுருங்கும். ஒரு டோஸுக்கு அப்படி நகரும் அணுக்கள் 25 கோடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. சில பெரிய பெயர்களின் உறைவிந்து இந்த அளவுக்கு வருவதில்லை. விற்பவர் அதை விளம்பரத்தில் போடமாட்டார். கேளுங்கள்.

குளிர்வித்த விந்து என்றால் எல்லாம் கொஞ்சம் தளரும். 24 மணி நேரத்தில் கையில் வந்து சேர்ந்தால் போதும், ஒரு தடவை போட்டாலே பெரும்பாலும் சரி.

அடுத்தது மரபணுச் சோதனை. வார்ம்பிளட்டில் பலவீனக் குட்டி நோய் ஒன்று உண்டு. தோல் கிழிந்து, மூட்டு தளர்ந்து பிறந்து செத்துவிடும், அல்லது முன்பே கலைந்துவிடும். ஏறத்தாழ பத்தில் ஒரு குதிரை அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. தகப்பனும் தாயும் இரண்டு பேரும் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய். பிடரி மயிர் வேரோடு பத்துப் பதினைந்து பிடுங்கி அனுப்பினால் முடிவு வந்துவிடும். உங்கள் பெண்ணுக்குச் செய்யுங்கள். அவள் சுமக்கவில்லை என்றால் எந்தப் பொலியும் எடுக்கலாம். சுமந்தால், சுத்தமான பொலி மட்டும்.

அந்த நார் காயம் எப்படி வந்தது தம்பி? அது எனக்குத் தெரிய வேண்டும்.

லாயத்துத் தம்பி:

அக்கா, காயம் மைதானத்தில் வந்ததில்லை. மேய்ச்சலில் இன்னொரு குதிரை துரத்த, சேற்றில் சறுக்கி வேலியில் மாட்டியது. அதற்கு முன்னால் கால் சுத்தம். அவள் தாய் 19 வயதுவரை வேலை செய்தாள், ஒரு நாளும் நொண்டவில்லை என்று பெரியவர் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை அண்ணை, விற்பதற்கில்லை. வைத்திருப்பேன். மேய்ச்சல் பெரியவரின் நிலத்தில் கிடைக்கும். சேணம் பழக்குவதற்கு இங்கே ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் மேலே ஏறப்போவது என் மகள். இப்போது 12 வயது. அவள்தான் கடைசியில் ஓட்டப்போகிறாள் என்று கனவு காண்கிறாள்.

லிம்பர்க் வாசி:

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா தம்பி! அப்போ கார்னெட் பேச்சு முடிந்தது. குட்டி பிறந்து ஐந்து வயதாகும்போது மகளுக்கு 18. அவளுக்கு வேண்டியது தப்பான தூரத்தில் போனாலும் மன்னிக்கும் குதிரை.

ஒன்று மட்டும் ரவியோடு நான் சண்டை போடுவேன். இவ்வளவு நேரம் தகப்பனையே பேசுகிறோம். பாரிஸ் தங்கம் செக்கரின் தகப்பன் கோம் இல் ஃபோ. அவன் கார்னெட்டின் மகன் என்று எல்லாரும் கார்னெட்டுக்கு மாலை போடுகிறார்கள். கோம் இல் ஃபோவின் தாய் யார்? ரட்டினா இசட்! 1992 பார்சிலோனாவில் அணித் தங்கம், தனிநபர் வெள்ளி. 1996 அட்லாண்டாவில் வேறொரு நாட்டுக்கு, வேறொரு சவாரிக்காரரோடு மறுபடி அணித் தங்கம். ரமிரோவின் மகள், அல்மேயின் பேத்தி. அப்படிப்பட்ட தாய்க்கு யாரைச் சேர்த்தாலும் ஏதோ ஒன்று வந்திருக்கும். ஹோல்ஸ்டைன்காரர்கள் தாய்வழிக்கு எண் கொடுத்து வைத்திருப்பது வீணுக்கில்லை. தம்பி, உங்கள் பெண்ணின் தாய்வழி எண்ணைப் பாருங்கள், அந்த வழியில் 1.50 தாண்டியவை எத்தனை என்று தேடுங்கள். பூஜ்யம் என்றால் டியமாண்டே வந்தாலும் அதிசயம் நடக்காது.

நொர்மண்டி ரவி:

தாய்வழி முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஹாலாவை நினைத்துப் பார். 1956 ஸ்டாக்ஹோமில், தொடை இடுக்குத் தசை கிழிந்து வலியில் துடித்த சவாரிக்காரர் விங்க்லரைச் சுமந்துகொண்டு, கிட்டத்தட்டத் தானாகவே தாண்டி ஒலிம்பிக் ஜெயித்த பெண்குதிரை. அதைவிடப் பெரிய தாய் யார்? பிறகு பல குட்டிகள் போட்டாள். ஒன்றும் அவள் காலடிக்கு வரவில்லை. தனி ஒரு குதிரையின் மேதைமை வேறு, அதைக் கடத்தும் திறன் வேறு. தாய்க்கும் அதே விதிதான்.

அதனால்தான் நான் தம்பியிடம் வம்சக் கதையைவிடப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். ஆகஸ்ட் கடைசியில் இங்கே பிரான்சில் ஃபோந்தேன்புளோ இளங்குதிரைப் போட்டிக்கு வாருங்கள். நான்கு, ஐந்து, ஆறு வயது பிரெஞ்சுக் குதிரைகள் நூற்றுக்கணக்கில் வரும். கையேட்டில் தகப்பன் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றாவது தடையில் குதிரை தப்பான தூரத்தில் வரும்போது என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பயந்து நீள்கிறதா, சுருங்கி யோசிக்கிறதா? பிறகு விரலை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அரை நாளில் உங்களுக்கே பட்டியல் வந்துவிடும்.

லிம்பர்க் வாசி:

அதற்கு அவ்வளவு தூரம் எதற்கு, செப்டம்பரில் பெல்ஜியத்தில் லானாகன் இளங்குதிரைப் போட்டிக்கு வரட்டும். ஐந்து முதல் ஏழு வயது, உலகம் முழுவதிலிருந்தும் வருகின்றன. காபியும் நன்றாக இருக்கும். ஹாலா விஷயத்தில் நீ சொன்னது சரி, ஆனால் ஹாலாவின் வம்சத்தில் ட்ராட்டர் (வண்டிப் பந்தயக் குதிரை) ரத்தம். தாண்டும் வழியே இல்லை. அதனால் உன் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேரும் விடிய விடிய அடித்துக்கொள்ளலாம். தம்பிக்கு எண்களைப் படிக்கச் சொல்லித்தருகிறேன்.

ஜெர்மன் இனமதிப்பில் (பிள்ளைகள் எப்படி வரும் என்று கணிக்கும் எண்) சராசரி 100, பரவல் 20. தாண்டலில் 140 என்றால் சராசரியிலிருந்து இரண்டு படி மேலே, நல்ல எண். ஆனால் பக்கத்திலேயே நம்பகம் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். மூன்று வயது இளவரசனுக்கு 150 என்று இருக்கும், நம்பகம் பாதிகூட இருக்காது. அது தகப்பன் பாட்டன் புண்ணியத்தில் வந்த எண். அவன் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்ததும் அது இறங்கும், சில சமயம் ஏறும். பிரெஞ்சுக்காரர்களுடையதிலும் இதே கதை, நம்பகத்தை 0-விலிருந்து 1 வரை எழுதுவார்கள்.

உலகப் பொலிக்குதிரை வரிசைப் பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிள்ளைகள் சேர்க்கும் புள்ளிகளைக் கொண்டு வரிசைப்படுத்தினால், ஆயிரக்கணக்கில் குட்டி உள்ளவன் மேலே வராமல் வேறு என்ன செய்வான்? நூறில் எத்தனை 1.40-க்கு வந்தன என்று கேளுங்கள். நல்ல பெண்களே நல்ல பொலிக்குப் போவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இனமதிப்புக் கணக்கு அந்த வேறுபாட்டை ஓரளவு கழித்துவிடுகிறது. அதனால்தான் வெறும் பட்டியலைவிட அது மேல்.

கிண்டி மேடை:

இதெல்லாம் கேட்கக் கேட்கத் தலை சுற்றுகிறது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் குதிரை வாங்க வந்தால் முதலில் சுழி பார்ப்பார். நெற்றியில் ஒற்றைச் சுழி இருக்கிறதா, கழுத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். நம்பகம் எத்தனை சதவீதம் என்று அவரிடம் கேட்டால் அடிக்க வருவார்.

சரி, ஒரு சந்தேகம். இறந்துபோன குதிரையின் விந்து குறைவாகத்தானே இருக்கும்? ஒரு குச்சியை வைத்துச் சோதனைக்கூடத்திலேயே கரு உண்டாக்கலாம் என்று படித்தேன்.

டாக்டர் வேணி:

முடியும். தாயின் முட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஒரே ஒரு அணுவை உள்ளே செலுத்தி, கருவை வளர்த்து இன்னொரு தாயிடம் வைப்பார்கள். குச்சியின் ஒரு துண்டே போதும். பெரிய பண்ணைகளில் இப்போது சாதாரணம். ஆனால் வாடகைத் தாய்ச் செலவு, முட்டை எடுக்கும் செலவு, தம்பியின் நிலைக்கு இது வேண்டாத சுமை. தானே சுமக்கக்கூடிய ஆரோக்கியமான பெண் கையில் இருக்கிறாள்.

லாயத்துத் தம்பி:

அண்ணைமார் சொன்னதெல்லாம் படித்தேன். பெரியவரோடும் கதைத்தேன். தாய்வழியில் 1.50 தாண்டியவை இரண்டு இருக்கின்றன, ஒன்று அவளுடைய சொந்தச் சித்தி. மயிர்ச் சோதனை அனுப்பிவிட்டேன்.

ஒரு யோசனை. டியமாண்டையே எடுக்காமல் அவன் மகன் ஒருவனை எடுத்தால் என்ன? ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு நிலையத்தில் 13 வயது டியமாண்ட் மகன் நிற்கிறான். 1.55 வரை தாண்டியவன். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். லாயத்தில் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பையன் ஒருவன் வெறும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுவந்தான். பக்கத்து லாயத்தில் பெண்குதிரை கத்தினாலும் காதை மட்டும் திருப்பினான். பின்கால் தொடை அகலம், குதிமூட்டு நல்ல கோணம். அவன் பிள்ளைகள் ஆறு ஏழு வயதில் போட்டியில் இருக்கின்றன. குளிர்வித்த விந்து அதே நாளில் கிடைக்கும்.

ஒரே குறை, அவன் தாய்வழியில் கொராடோ I இருக்கிறான். மறுபடி கோர் டி லா ப்ரியேர்.

நொர்மண்டி ரவி:

நல்ல யோசனை தம்பி. கொராடோவைக் கண்டு பயப்பட வேண்டாம். டியமாண்டுக்குக் கொராடோ மகளைச் சேர்த்துத்தான் ஹோல்ஸ்டைனில் டியாராடோ வந்தான். 2007-இல் நொய்மூன்ஸ்டரில் பொலித் தேர்வின் வெற்றியாளன். டியமாண்டின் இன்னொரு மகன் எமரால்டின் தாயும் கார்த்தாகோ என்ற ஹோல்ஸ்டைனரின் மகள். டியமாண்டும் ஹோல்ஸ்டைன் ரத்தமும் ஒட்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஐந்தாம் தலைமுறைக் கோர் டி லா ப்ரியேர் ஒரு சொட்டு கூடினால் முன்கால் இன்னும் மடங்கும், அவ்வளவே.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. அவன் பிள்ளைகளில் சூடான தாய்க்குப் பிறந்தவை எப்படி இருக்கின்றன என்று நிலையத்தாரிடம் கேளுங்கள்; ஓட்டுபவர்களின் எண்ணை வாங்கி நேரில் பேசுங்கள். இரண்டாவது, பிள்ளைகள் கவனமானவையா? பலம் நிறைய உள்ள வழியில் சில சமயம் கம்பத்தை மதிக்காத குணம் வரும். உங்கள் பெண் அதை ஈடுசெய்வாள் என்பது என் நம்பிக்கை. ஆனால் கேட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஹோல்ஸ்டைனர் சங்கம் அவனை ஏற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குட்டிக்கு ஹோல்ஸ்டைனர் தாள் கிடைக்காது. சாங்கர்ஷைடே அல்லது ஓல்டன்பர்க் இன்டர்நேஷனல் என்று வேறு புத்தகத்தில்தான் பதிய வேண்டியிருக்கும். அதுவும் தப்பில்லை, ஆனால் பிறந்த பிறகு கண்டுபிடித்தால் வயிற்றெரிச்சல்.

ஒப்பந்தத்தில் "சினை உறுதியானதும் மீதிப் பணம்" என்றிருக்கிறதா, "உயிருள்ள குட்டி நின்று பால் குடித்ததும்" என்றிருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நிலையத்தில் வாய்ப்பேச்சை நம்பினார்; குட்டி எட்டாம் மாதத்தில் கலைந்தது; பணம் போனது போனதுதான். அடுத்த வருடம் இலவசமாகத் திரும்பப் போட ஒரு வரி எழுதி வாங்குங்கள். கூலி, அனுப்பும் செலவு, நிலையச் செலவு மூன்றும் தனித்தனி என்பதையும் கேளுங்கள்.

லிம்பர்க் வாசி:

சொந்தச் சித்தி 1.50 தாண்டியவள் என்பதை ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள்? எனக்கு அதுதான் இந்த இழையிலேயே நல்ல செய்தி. போடுங்கள்.

அவன் எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். குதிமூட்டிலும் பின்முழங்காலிலும் குருத்தெலும்புத் துண்டு எடுத்தார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். அறுவை செய்து துண்டை எடுத்துவிட்டால் படம் சுத்தமாகத் தெரியும், மரபணு சுத்தமாகாது.

லாயத்துத் தம்பி:

சங்கம் ஏற்றிருக்கிறது, பார்த்துவிட்டேன். ஒப்பந்தம் வாங்கி அனுப்புகிறேன் என்றார்கள். எக்ஸ்ரே கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு தருகிறோம் என்றார்கள். வேணி அக்கா, எப்போது போடுவது நல்லது?

டாக்டர் வேணி:

தயங்கினாலும் தரட்டும். தராவிட்டால் வேறு மகனைத் தேடுங்கள், டியமாண்டுக்கு மகன்களுக்குப் பஞ்சமில்லை.

சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். ஏப்ரல் கடைசியில் போட்டால் குட்டி மார்ச்சில் வரும். புல் முளைக்கும் நேரம், தாய்க்கும் பாலுக்கும் நல்லது. இயல்பாகவே நாள் நீளும்போதுதான் பருவம் சீராகும். அவசரமில்லை, அதனால் டிசம்பரிலிருந்து லாயத்தில் 16 மணி நேர விளக்கு போட வேண்டியதில்லை. முதல் இரண்டு சுற்றுகளை விட்டுவிடுங்கள், மூன்றாவதில் பிடிக்கலாம்.

போட்ட மறுநாள் கருப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேன். இந்த வயதுக்கும் முதல் ஈற்றுக்கும் அதைத் தவறவிடக் கூடாது, தேங்கியிருந்தால் கழுவிவிடுவார்கள். 14-லிருந்து 16-ஆம் நாளுக்குள் மறுபடி ஸ்கேன், இரட்டைக் கரு இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் அன்றே ஒன்றை நசுக்கிவிட வேண்டும், இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகு கஷ்டம். அப்புறம் 28-ஆம் நாள் இதயத் துடிப்பு.

முதலில் ஸ்வாப். முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், மயிர்ச் சோதனை முடிவையும் சேர்த்து.